தீவு என்பதால்தான் இலங்கை மலேரியாவை ஒழித்ததா?

ஊத்தங்கரைப் பக்கம் நர்சிங் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "இலங்கை 2016-லேயே மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கிவிட்டது. சின்னத் தீவு, சுற்றிலும் கடல், அதனால்தான் முடிந்தது என்கிறார் எங்கள் வகுப்பில் ஒருவர். உண்மையா சார்? அப்படியென்றால் கிருஷ்ணகிரி, தருமபுரி மாதிரி நாலு பக்கமும் திறந்து கிடக்கும் மாவட்டங்களில் இது நடக்கிற காரியமா?"

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் முன்பே பழைய தருமபுரி மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். மலேரியா ஸ்லைடு பார்த்தே மூக்குக்கண்ணாடியின் பவர் ஏறியது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் ஓரளவு உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே கடல் 1934-லும் இருந்தது, 1969-லும் இருந்தது. அந்த வருஷங்களில் அங்கே லட்சக்கணக்கான பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆகவே 2012-ல் அது நின்றுபோனதற்கான காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இலங்கையில் கொசு ஒழியவில்லை. சான்றிதழ் வாங்கிய மறு வருஷமே, 2017-ல், அந்த நாட்டில் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டெங்குவில் படுத்தார்கள். டெங்கு கொசு வேறு வகைதான், சரி. ஆனால் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸும் அங்கே ஆற்றோரங்களில் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. கொசு வழக்கம்போலக் கடிக்கிறது, ஆனால் ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவருக்கு எடுத்துப்போக அதற்கு மலேரியாக் கிருமியான ஒட்டுண்ணி கிடைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் சான்றிதழுக்குக் கேட்பதும் இதைத்தான். தொடர்ந்து 3 வருஷம் உள்ளூர்க் கொசு வழியாக ஒருவருக்குக்கூடத் தொற்றியிருக்கக் கூடாது. வெளியிலிருந்து திரும்ப வந்தால் பிடிப்பதற்கு ஆளும் ஏற்பாடும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவேன்.

மழை பெய்தால் கொசு, கொசு வந்தால் காய்ச்சல் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். இலங்கை கண்ட மிகப் பெரிய மலேரியாச் சாவு மழை பொய்த்ததால் வந்தது. 1934-ல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிவிட, வருஷம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, படுகையில் ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. கியூலிசிஃபேசிஸுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. கேகாலை, குருநாகல் பக்கத்து மக்கள் அதற்குமுன் மலேரியாவை அதிகம் பார்த்திராதவர்கள், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. ஐம்பது லட்சத்துக்குச் சற்று அதிகமாக மக்கள் இருந்த தீவில், 1934 கடைசியிலும் 1935-லுமாகச் சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். விளைச்சலும் பொய்த்த காலம், வெறும் வயிற்றில் வந்த காய்ச்சல். அப்போது கிராமங்களுக்குப் பருப்பும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்த இடதுசாரி இளைஞர்களில் ஒருவரான என்.எம். பெரேரா, 1936 தேர்தலில் ருவன்வெல்லத் தொகுதியில் ஜெயித்தார். அந்த நாட்டு இடதுசாரி அரசியல் வேர் பிடித்ததில் மலேரியாவுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

வறண்ட ஆற்றில் காய்ச்சல் பிறக்கும் என்பது தென்பெண்ணைக் கரைக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது. கே.ஆர்.பி. அணைக்குக் கீழே, காவேரிப்பட்டணம் தாண்டிக் கோடையில் போய்ப் பாருங்கள். ஆறு ஓடாது, பாறைப் பள்ளத்திலும் மணல் அள்ளிய குழியிலும் தெளிந்த தண்ணீர் வெயில் பட்டுக் கிடக்கும். சாக்கடைக்குப் போகாமல் இந்த மாதிரி சுத்தமான தண்ணீரைத் தேடித்தான் கியூலிசிஃபேசிஸ் முட்டையிடும். நீள்பிடி வைத்த வெள்ளை அகப்பையில் (டிப்பர் என்போம்) ஓரமாக, நிழல் விழாமல், மெல்ல மொண்டு எடுத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. சற்றுப் பொறுத்தால் புழுக்கள் மேலே வரும். சாதாரணக் கொசுப்புழு வாலை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவுக்கு அந்த மூச்சுக்குழல் இல்லாததால் நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்தபடி மிதக்கும். படுத்திருக்கும் புழுவைப் பார்த்தால் அன்றைக்கே அந்த ஊரில் காய்ச்சல்காரர்களைத் தேடிப் போக வேண்டும் என்று அர்த்தம்.

சரி, இலங்கைக்கு வருவோம். 1945-க்குப் பிறகு டிடிடி என்ற பூச்சிமருந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் அடித்தார்கள். கடித்துவிட்டுச் சுவரில் போய் உட்காரும் கொசு அதிலேயே செத்தது. வருஷத்துக்கு வருஷம் காய்ச்சல் குறைந்து, 1963-ல் நாடு முழுக்க 17 பேர் என்ற நிலைக்கு வந்தது. லட்சம், ஆயிரம் எதுவும் விட்டுப்போகவில்லை, வெறும் 17 பேர்தான்.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அந்த 17-க்குப் பிறகு நடந்ததில்தான் இருக்கிறது. 17 பேருக்கு வரும் ஒரு நோய்க்காக ஆட்களையும் வண்டிகளையும் மருந்தையும் வருஷம் முழுக்க வைத்திருக்க எந்த நிதித் துறை சம்மதிக்கும்? மருந்தடிப்பை நிறுத்தினார்கள். காய்ச்சல்காரர்களைத் தேடி ரத்தம் எடுப்பதும் தளர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து, இரத்தினக்கல் தோண்டப் பல ஊர்களிலிருந்து காட்டுப் பக்கம் போனவர்கள் குழிகளுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். தோண்டிவிட்ட குழியில் மழைநீர், பக்கத்தில் தூங்கும் ஆட்கள், அதில் யாரோ ஒருவர் உடம்பில் ஒட்டுண்ணி. ஊர் திரும்பும்போது அதையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். 1967-68-ல் மழையும் தவறியது. 1969-ல் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா.

டிடிடிக்குக் கொசு பழகிவிட்டதுதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அதுவும் நடந்தது, அதனால்தான் 1970-களில் மாலத்தியான் என்ற வேறு பூச்சிமருந்துக்கு மாறினார்கள். ஆனால் மருந்து வேலை செய்யாமல் போனதைவிட, ஆள் தேடிப் போகாமல் போனதுதான் பெரிய அடி என்பேன். நம் நாடும் இதே பள்ளத்தில்தான் விழுந்தது. சுதந்திரம் வாங்கிய சமயத்தில் வருஷத்துக்கு ஏழரைக் கோடி பேருக்கு என்று கணக்கிடப்பட்ட மலேரியா, 1965-ல் 1 லட்சத்தை ஒட்டி வந்து நின்றது. கொண்டாடி முடிப்பதற்குள் 1976-ல் 64 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அதற்குப் பிந்தைய முப்பது வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். மகாவலி ஆற்றுப் பாசனத் திட்டத்தில் ஈர மண்டலத்திலிருந்து உலர் மண்டலத்துக்குக் குடியேறிய விவசாயிகளுக்கு மலேரியா, 1983-ல் தொடங்கிய போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கு மலேரியா, காட்டில் பதுங்கிய இரு தரப்புப் படைகளுக்கும் மலேரியா. 1999-ல் 2 லட்சத்து 64 ஆயிரம் பேர்.

அங்கிருந்து 2008-ல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கினார்கள். 2009 மே வரை போர் ஓயவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். அமைதி வந்த பிறகு மலேரியா போகவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே குறைந்துவிட்டது. மருந்தும் கொசுவலையும் கொண்டுபோகும் சுகாதாரப் பணியாளர்களைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளும் அனுமதித்தார்கள். கொசு சீருடை பார்த்துக் கடிக்காது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

என்ன செய்தார்கள்? ஊர் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிப்பதை விட்டார்கள். எங்கே பரவுகிறதோ அங்கே மட்டும், அதுவும் மருந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள். நீண்டநாள் மருந்து நிற்கும் கொசுவலை கொடுத்தார்கள். கிணற்றிலும் குளத்திலும் கொசுப்புழு தின்னும் மீன் விட்டார்கள். இதெல்லாம் நம் ஊரிலும் நடப்பதுதான். வித்தியாசம் நடமாடும் மலேரியா கிளினிக்குகளில் இருந்தது. மைக்ரோஸ்கோப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி எட்டாத கிராமம், இராணுவ முகாம், இரத்தினக்கல் குழி, காட்டை வெட்டி எரித்துச் சேனைப்பயிர் (கிழங்கு இல்லை, இடம் மாற்றிச் செய்யும் விவசாயம்) வைப்பவர்களின் குடில் என்று போய், காய்ச்சல் இல்லாதவர்களிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஒரு பாசிட்டிவ் கிடைத்தால் அவர் யார், எங்கே படுத்தார், பக்கத்தில் யார் படுத்தார்கள், அந்த இடத்தில் என்ன கொசு என்று கடைசிவரை துருவினார்கள். 2011-ல் உள்ளூர்த் தொற்று 124. 2012-ல் 23. அந்த வருஷம் அக்டோபரில் கண்டவர்தான் கடைசி. 2016 செப்டம்பர் 5-ல் சான்றிதழ்.

காய்ச்சல் இல்லாதவரிடம் எதற்கு ரத்தம் என்று கேட்பீர்கள். எத்தனையோ பேருக்கு ஒட்டுண்ணி ரத்தத்தில் இருக்கும், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. கொசுவுக்கு அது போதும். ஒட்டுண்ணிகளில் வைவாக்ஸ் வகை இன்னும் தந்திரக்காரன். ரத்தத்திலிருந்து போன பிறகும் ஈரலில் தூங்கிக்கொண்டிருந்து, சில மாதம் கழித்து எழுந்து வரும். பழைய ஆட்கள் முறைக்காய்ச்சல் என்று சொன்ன காய்ச்சல், மருந்து குடித்து ஆறியபின் திரும்பத் திரும்ப வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்லைடு பற்றி இரண்டு வார்த்தை, நீங்கள் படிக்கிற பிள்ளை என்பதால். இடது கை மோதிர விரலில் குத்தி, ஒரே ஸ்லைடில் கெட்டியாக ஒரு பொட்டும் மெல்லியதாக ஒரு தடவலும் எடுப்போம். ஒட்டுண்ணி இருக்கிறதா என்பது கெட்டிப் பொட்டில் தெரியும். எந்த வகை என்பது மெல்லிய தடவலில் தெரியும். ஜேஎஸ்பி சாயம் ஏற்றி, எண்ணெய்ச் சொட்டு விட்டு, பெரிய லென்ஸில் நகர்த்தி நகர்த்திக் குறைந்தது 100 இடமாவது பார்க்காமல் 'இல்லை' என்று எழுதக் கூடாது. 'இருக்கிறது' என்று எழுத ஒரு நொடி போதும். நேரமெல்லாம் 'இல்லை'க்குத்தான் போகும். இலங்கையில் உள்ளூர் மலேரியா சுத்தமாக நின்ற பிறகும், 2013, 2014, 2015 என்று ஒவ்வொரு வருஷமும் 10 லட்சத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கிடைத்ததெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் இருந்த சில பத்து பாசிட்டிவ்கள். மீதி அத்தனையும் 'இல்லை'. 1963-ல் செய்யாமல் விட்ட வேலை இதுதான், இந்த முறை அதை விடவில்லை.

இப்போது உங்கள் வகுப்பு நண்பரின் தீவுக் கணக்குக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் கேப் வெர்டே என்று ஒரு தீவு நாடு. மக்கள்தொகை 5 லட்சத்தை ஒட்டித்தான். கடல் என்றால் அதுதான் கடல். அவர்கள் 1967-ல் ஒருமுறை, 1983-ல் ஒருமுறை மலேரியாவை நிறுத்தினார்கள். இரண்டு முறையும் திரும்ப வந்தது. 2017-லும் தலைநகர் பிரையாவில் 400 பேருக்கு மேல் தொற்றியது. அதையும் அடக்கி 2024 ஜனவரியில்தான் சான்றிதழ் வாங்கினார்கள். எதிர்ப்பக்கம் கிழக்குத் தைமூர். அது தீவில் பாதி. மறுபாதி இந்தோனேசியா, நடுவில் தரை எல்லை. 2002-ல்தான் சுதந்திரம் வாங்கிய ஏழை நாடு. 2006-ல் 2 லட்சத்துக்கும் மேல் காய்ச்சல் கணக்கு இருந்தது, 2021 முதல் உள்ளூர்த் தொற்று இல்லை, 2025 ஜூலையில் சான்றிதழ். தரை எல்லை அவர்களைத் தடுக்கவில்லை. தீவு என்றால் போதும் என்றால் மடகாஸ்கரிலும் பாப்புவா நியூகினியிலும் இன்று மலேரியா இருக்கக் கூடாது. அங்கே ஏராளம் இருக்கிறது.

இலங்கைக்கே கடல் எவ்வளவு காவல் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சான்றிதழ் வாங்கிய அதே 2016-ன் கடைசியில் மன்னாரில் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை அந்தத் தீவில் இல்லாத கொசு அது. நமக்குப் பழைய ஆள்தான், சென்னையில் மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து நகரத்து மலேரியாவைப் பரப்புகிற கொசு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல், அவ்வளவுதான். பிறகு 2018-ல், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவருக்கு இருந்த வைவாக்ஸ், அங்குள்ள கொசு மூலம் ஓர் உள்ளூர்க்காரருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்து, சுற்றியிருந்தவர்களைப் பரிசோதித்து, கொசுவுக்கு மருந்தடித்து அதோடு நிறுத்திவிட்டார்கள். நான் முன்னே சொன்ன இரண்டாவது நிபந்தனை இந்த ஓர் ஆளைப் பிடிப்பதற்காகத்தான். மலேரியா மாத்திரையைக்கூட அங்கே அரசின் மலேரியா இயக்கமே கையில் வைத்திருக்கிறது. எந்த டாக்டர் ஒரு நோயாளியைக் கண்டாலும் இராப்பகல் இயங்கும் தொலைபேசியில் அவர்களைக் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிட்டால் அந்த நோயாளி கணக்கில் ஏறிவிடுவார்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். போர் முடிந்து இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிய அகதிகளை அங்கே இறங்கியதும் மலேரியாவுக்குப் பரிசோதித்தார்கள். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்கள் என்ற வரிசையில் நாம்தான் இருக்கிறோம். படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் அவர்கள் செய்தது சரி.

இதே வேலையைத்தான் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் மலேரியா இப்போது வருஷத்துக்குச் சில நூறு பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. 2027-க்குள் உள்ளூர்த் தொற்று இல்லை, 2030-ல் மலேரியா இல்லாத இந்தியா என்பது மத்திய அரசின் இலக்கு. நம் பக்கத்து லேபில் ஒரு பாசிட்டிவ் வந்தால் முதல் கேள்வியே "எங்க போயிட்டு வந்தீங்க?" என்பதுதான். ஓசூர் சிப்காட், கட்டட வேலை, கிரானைட் குவாரி, செங்கல் சூளை என்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற தொழிலாளர்கள், அந்தப் பக்கம் போர்வெல் வண்டியில் போய்த் திரும்பும் நம் பையன்கள், இரு பக்கமும் போக்குவரத்து உண்டு. அவர்களைக் குற்றம் சொல்வதில் பைசா பிரயோசனமில்லை. வேலை விட்ட குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, இலங்கையின் இரத்தினக்கல் குழிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கொசு இருக்கிறது, ஆள் வருகிறார். நடுவில் ஒரு ஸ்லைடு எடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

எடுப்பதில்தான் சிக்கல். எங்களில் பலருக்கு இந்தி ஓட்டை, மேஸ்திரிதான் மொழிபெயர்ப்பாளர். காலையில் போனால் ஷெட்டில் ஆள் இருக்க மாட்டார், இரவில் போக ஆள் பற்றாது. பாசிட்டிவ் என்று முடிவு வருவதற்குள் அவர் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். ஒரே டெக்னீஷியன் சர்க்கரை, கர்ப்பிணி ரத்தம், சளி, டெங்கு என்று எல்லாம் முடித்த பிறகுதான் மலேரியா ஸ்லைடைக் கையில் எடுப்பார். நோய் அரிதாகிவிட்டதால் இளம் டாக்டர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை, காய்ச்சல் என்றால் டெங்குவும் டைபாய்டும்தான் முதலில் எழுதுகிறார்கள். இலங்கையிலும் இதே பிரச்சினை உண்டு. வெளிநாடு போய்வந்தவரின் மலேரியாவைக் கண்டுபிடிக்க நாள் ஆகிறது என்று அவர்களும் புலம்புகிறார்கள். என்னைக் கேட்டால் நம் மாவட்டத்தில் இது முடிகிற காரியம்தான். எல்லை திறந்திருப்பது எனக்குக் கவலை இல்லை; கணக்கு பூஜ்யம் என்று வந்ததும் லேபில் ஆள் குறைப்பார்களோ என்பதுதான் கவலை.

நீங்கள் நர்சாகப் போகிறவர் என்பதால் கடைசியாக வேலைக்கு ஆகும் ஒன்று. காய்ச்சலோடு வருபவரிடம் கடந்த ஒரு வருஷத்தில் எங்கே தங்கினார் என்று கேளுங்கள். குளிர் நடுக்கம் இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒட்டுண்ணி ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகை என்றால் அன்றே கூட்டு மருந்து தொடங்க வேண்டும், தாமதித்தால் மூளை வரை போய்விடும். வைவாக்ஸ் என்றால் குளோரோகுயின் 3 நாள், ஈரலில் தூங்குவதைக் கொல்லப் பிரைமாகுயின் 14 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், பெரும்பாலானவர்கள் அப்போதே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அதனால் 14 நாளும் யார் கொடுப்பது, எங்கே கொடுப்பது என்று முதல் நாளே பேசி, அவருடைய நம்பரோடு மேஸ்திரி நம்பரையும் வாங்கி வையுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கிடையாது. ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்த அணு உடையும், எனவே மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் வரச் சொல்லிவிடுங்கள்.